டவுன்ஹால் ரோட்டிலிருந்து சோழவந்தானுக்கு ஒரு டி.வி. குச்சி

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கிழக்கு முகமாக ஓடுகிறது டவுன்ஹால் ரோடு. நேரே நடந்தால் மேலமாசி வீதியைத் தாண்டி மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரத்தில் கொண்டுபோய் விடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். உள்ளூர்ப் பெண்களாகிய நாங்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்போம். ரேடியோ, டேப்ரிகார்டர், டி.வி., பிறகு செல்போன், இப்போது டேப்லெட் என்று பாடுகிற, படம் காட்டுகிற சாமான் எது புதிதாக வந்தாலும் முதலில் இந்தப் பக்கத்துக் கடைகளில்தான் அதன் முகத்தைப் பார்த்திருக்கிறோம். வாங்குவது பிறகுதான். முதலில் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இது என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டு, விலை கேட்டு, கீழே வைத்துவிட்டு வந்துவிடுவோம். மதுரைக்காரி கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருகிப் பார்க்காமல் வாங்க மாட்டாளே!

2025 மே மாதம் கடைசி வாரத்தில் நான் அந்த ரோட்டுக்குப் போனது ஒரு டி.வி. குச்சி வாங்க. 'ஸ்ட்ரீமிங் ஸ்டிக்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதுதான். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி. அதை டி.வி.யின் முதுகில் செருகிவிட்டால், வீட்டில் இன்டர்நெட் இருக்கும் பட்சத்தில், சினிமா, சீரியல், பக்திப் பாட்டு எது வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் வரும். கேட்டது என் மாமியார். வயது எழுபத்தாறு. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலியால் நாலைந்து வருஷமாகச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வர முடியவில்லை. "அழகர் ஆத்துல எறங்குறத நெனச்சப்பப் பாக்குற மாதிரி ஒண்ணு வந்திருக்காமே, அதக் கொண்டாத்தா" என்று போனில் சொன்னார். அத்தை வாய் திறந்து ஒன்று கேட்பதே அபூர்வம். என் கணவர் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கடையில் நல்ல கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம் அல்லவா? கூட்டத்தில் பாதிப்பேர் டேப்லெட் பக்கம் நின்றார்கள். காரணம் இருந்தது. அந்த வருஷம் மார்ச் 14ஆம் தேதி தமிழ்நாடு பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கைக்கணினி அல்லது மடிக்கணினி கொடுக்கப் போவதாக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்திருந்தார். முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கைக்கணினி என்றால் டேப்லெட். மடிக்கணினி என்றால் லேப்டாப். 'அல்லது' என்ற ஒரு வார்த்தை மதுரைத் தாய்மார்களை எப்படிப் படுத்தியது என்கிறீர்கள்! என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "இப்ப நாம காசு போட்டு வாங்குனா அவுக குடுக்கும்போது ரெண்டாப் போயிரும். வாங்கலைன்னா பிள்ளைக்கு இந்த வருசம் போயிரும்" என்று கடைக்காரரிடமே யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவர் என்ன சொல்வார்? "வாங்கிருங்கக்கா" என்றுதான் சொல்வார்.

மலிவு டேப்லெட் அறிவிப்பு எங்களுக்குப் புதிதில்லை. 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் 'ஆகாஷ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேச்சு. அப்போது மத்திய மனிதவள அமைச்சராக இருந்த கபில் சிபல் வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்ற கம்பெனி செய்தது. மாணவர்களுக்கு 35 டாலர், அதாவது ஏறக்குறைய 1,750 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். கடை விலைக்கு வேறு பெயரில் 2,999 ரூபாய் சொன்னார்கள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருந்த வீட்டில் எல்லாம் அதே பேச்சு. லட்சக்கணக்கில் முன்பதிவு. வந்த பெட்டியோ ஏழு அங்குலத் திரை. விரல் பட்டால் நகராது, அழுத்த வேண்டும். பாட்டரி இரண்டு மூன்று மணி நேரம்தான். வை-ஃபை இருக்கிற இடத்தில்தான் இன்டர்நெட். 2011ல் மதுரையில் எத்தனை வீட்டில் வை-ஃபை இருந்தது, சொல்லுங்கள்! பணம் கட்டியும் வரவில்லை என்ற புகார்கள் வேறு பத்திரிகைகளில் அடிபட்டன. 2012 நவம்பரில் இன்னும் கொஞ்சம் நல்லதாக 'ஆகாஷ் 2' வந்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். அதற்குள் இங்கே ஜனங்களின் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஏனென்றால் ஆகாஷுக்கு மூன்று வாரம் முன்னாலேயே, 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிவிட்டது. அன்றைக்கே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும். முழு லேப்டாப்பே சும்மா வரும்போது எழுத்துக்கு எழுத்து அழுத்துகிற சிலேட்டு எதற்கு என்று எங்கள் ஜனங்கள் கேட்டதில் தப்பென்ன?

கடைக்கு வருகிறேன். இடுப்பில் இரண்டு வயதுப் பையனோடு ஒரு சின்னப் பெண் நின்றாள். டேப்லெட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் சொல்லியிருந்தார்கள். "இவனுக்கா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, போனக் காட்டுனாத்தான் வாயத் தெறக்குறான். அவுக போன எடுத்துட்டு வேலைக்குப் போயிருறாக. அதான்" என்றாள். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாமியார், நாத்தனார் என்று கூடமாட ஆள் இல்லாத வீடு. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் பிள்ளை, அடுப்பில் குழம்பு. ஆனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இளம் தாய்மார்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது: ஒரு வயது ஆகிற வரை குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம், ஒரு வயதுக் குழந்தையையும் திரை முன்னால் உட்கார வைக்க வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது. படம் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. பெரிய பிள்ளைகள் பாடத்துக்காகப் பார்த்தே தீர வேண்டுமென்றால், கண் மருத்துவர்கள் சொல்கிற எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றை, இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம் வெளியே ஓடிவிட்டு வரட்டும். டேப்லெட்டைச் சார்ஜில் போட்டபடி மடியில் வைத்துக்கொண்டு பார்க்க விடாதீர்கள். இவ்வளவையும் கடையில் நின்று அந்தப் பெண்ணிடம் சொன்னேனா என்றால், இல்லை. "காக்கா, குருவி இன்னும் சாகலத்தா, மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் ஊட்டிப் பாரு" என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள். டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவர் கோபம் தீரட்டும் என்று குச்சியை உடனே விலை பேசி முடித்தேன். இந்தச் சாதனம் நம் நாட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2014 டிசம்பரில் கூகிளின் குரோம்காஸ்ட் 2,999 ரூபாய்க்கு வந்தது. 2017 ஏப்ரலில் அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக் 3,999 ரூபாய்க்கு வந்தது. 2020 ஆகஸ்டில் ஷாவ்மி 2,799க்கு ஒன்று விட்டது. நான் வாங்கியதும் ஏறக்குறைய மூவாயிரம்தான். எட்டு வருஷத்தில் தக்காளி விலை எங்கேயோ போய்விட்டது, இது மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது பாருங்கள். ஏன் நிற்கிறது என்பது சோழவந்தான் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

சோழவந்தான் ரோடு நல்ல ரோடு. வைகையின் தென்கரையை ஒட்டியே கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று போய், தென்கரை ஊரில் பாலத்தைத் தாண்டி அக்கரை ஏறினால் சோழவந்தான். கோச்சடை தாண்டும் வரைக்கும் ஒரே வீடும் கடையும். அப்புறம் சட்டென்று தென்னந்தோப்பு, நெல் வயல், வாழை. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடி. உள்ளே நுழைந்தால் மதிய வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையாதலால் பஸ் நிறையப் பெண்கள்தான். என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டு ஆயா, "என்னத்தா அது, கொசு மெசினா?" என்று கேட்டார். டி.வி.யில் செருகுகிற குச்சி என்று விளக்கினேன். அவர் கேட்ட அடுத்த கேள்வியைப் பாருங்கள். "மாசம் எம்புட்டுக் கட்டணும்?" விலையைக் கேட்கவே இல்லை! முன் சீட்டிலிருந்து ஒருத்தி திரும்பி, "அதக் கேளுங்க. உரிமைத் தொகை ஆயிரத்துல முந்நூறு போனுக்கே போயிருது" என்றாள். 2023 செப்டம்பர் 15லிருந்து வந்த மகளிர் உரிமைத் தொகையைச் சொல்கிறாள். கடையில் நின்ற அத்தனை பேரும் விலையைத்தான் கேட்டோம். பஸ்ஸில்தான் சரியான கேள்வி வந்தது.

வீட்டில் என் ஓரகத்தி வாசலிலேயே நின்றார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்துவிட்டு, "எங்க, அந்தக் குச்சிய எடு" என்றார். அத்தை கட்டிலை விட்டு எழுந்து சுவரைப் பிடித்தபடி வந்துவிட்டார். அந்த வீட்டில் டி.வி. இரண்டு. பரண் மேல் ஒரு 14 அங்குல அரசு டி.வி. 2006ல் தொடங்கிய இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் கிடைத்தது. கீழே கூடத்தில் தவணையில் வாங்கிய தட்டை டி.வி. அத்தைக்கு ஆசை, தன் அறையில் அந்தப் பழைய டி.வி.யை வைத்து அதில் குச்சியைச் செருக வேண்டும் என்று. எட்டு மணிக்குப் பேரன் கிரிக்கெட் போட்டுவிடுகிறான் அல்லவா? ஆனால் இந்தக் குச்சிக்கு எச்.டி.எம்.ஐ. என்று ஒரு துளை வேண்டும். அந்தக் கால டி.வி.க்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று உருண்டைத் துளைகள்தான் உண்டு. நடுவில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்கு விற்கிறது. ஆனாலும் அந்தச் சின்னத் திரையில் எழுத்துக்கள் எறும்பு மாதிரித்தான் தெரியும். நீங்கள் வாங்குவதானால் முதலில் டி.வி.யின் முதுகைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கூடத்து டி.வி.யில்தான் மாட்டினோம்.

கல்லூரியில் படிக்கிற மகள் பத்து நிமிடத்தில் எல்லாம் செய்து முடித்தாள். தன் அப்பாவின் போனை வாங்கி 'ஹாட்ஸ்பாட்' என்று ஒன்றைத் திறந்துவிட்டாள். அந்த வீட்டில் இன்டர்நெட் என்பது அந்த ஒரு போனில்தான். அத்தை ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்பரு எங்கத்தா?" என்றார். நியாயம்தானே? அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேனலை எல்லாம் நம்பரை வைத்துத்தான் அடையாளம். இந்த ரிமோட்டில் நம்பரே கிடையாது! முகம் வாடிவிட்டது. "அப்பத்தா, இந்த மைக் பொத்தான அமுக்கிக்கிட்டு வாயால கேளுங்க" என்றாள் பேத்தி. அத்தை கொஞ்ச நேரம் ரிமோட்டையே பார்த்தார். பிறகு முந்தானையைச் சரி செய்துகொண்டு, "அழகர் ஆத்துல எறங்குறதப் போடுய்யா" என்றார். வந்துவிட்டது! ஒன்றா இரண்டா, வருஷா வருஷம் எடுத்த படங்கள் வரிசையாக.

அங்கே நான் இருந்தேன் என்பதால் சொல்கிறேன், அந்த நிமிடத்துக்கு மூவாயிரம் தகும். 2020 மே 4ஆம் தேதி திருக்கல்யாணம் நடந்ததே, ஊரடங்கில், பக்தர்களே இல்லாமல்? கோயில் இணையதளத்தில் நேரலையாகக் காட்டினார்கள். மதுரைச் சுமங்கலிகள் வீட்டிலிருந்தபடியே பார்த்துத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டோம். அன்றைக்குப் பார்த்து இந்தக் கிராமத்தில் கேபிள் வரவில்லை. அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் ஒரே போனைச் சுற்றி நின்று, தலைக்கு மேல் தலை வைத்துப் பார்த்தார்களாம். அத்தைக்குக் கண்ணுக்கே தெரியவில்லையாம், மேளச் சத்தத்தைக் கேட்டுக் கும்பிட்டாராம். தங்கம் தியேட்டரில், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெயர் வாங்கிய கொட்டகையில், புதுப் பெண்ணாகப் போய்ப் படம் பார்த்தவர் அவர். 1952ல் 'பராசக்தி' படத்தோடு திறந்த தியேட்டர் அது. அதையும் இடித்துவிட்டார்கள்.

சந்தோஷம் நாலு மணி வரை இருந்தது. பிறகு என் கணவரின் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு நெல் மண்டிக்குக் கிளம்பினார். படம் நின்றுவிட்டது! சுற்றிச் சுற்றி ஒரு வளையம். குச்சி கெட்டுவிட்டதோ என்று நான் பதறினேன். அக்காதான் முதலில் புரிந்துகொண்டார். "கெடல. நெட்டு அவுக சட்டைப் பையில போகுது" என்றார்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தச் சின்னப் பெண் டவுன்ஹால் ரோட்டில் சொன்னதும் இதேதானே? சாதனம் யார் வீட்டில் இருக்கிறது என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். இன்டர்நெட் யார் பையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2020ல் பள்ளிகளை மூடியபோதும் இதேதான். கல்வித் தொலைக்காட்சியை 2019லேயே தொடங்கியிருந்ததால் டி.வி. இருந்த வீட்டுப் பிள்ளைகள் பாடம் பார்த்தார்கள். ஆன்லைன் வகுப்பு என்றால் அப்பா வீடு திரும்புகிற வரை காத்திருந்த பிள்ளைகள் எத்தனை!

அக்கா மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், கணக்கில் புலி. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்த பிறகு, நாளைக்கு ஒன்றரை ஜி.பி. வருகிற ரீசார்ஜ் 28 நாளுக்கு 299 ரூபாய். "மாசம்னு சொல்றாக. இருபத்தெட்டு நாள்தான். அப்ப வருசத்துக்குப் பன்னெண்டு இல்ல, பதிமூணு" என்றார். பதின்மூன்று தடவை 299 என்றால் 3,887 ரூபாய். குச்சியின் விலையை விட அதிகம்! அதுவும் வருஷா வருஷம். அந்த ஒன்றரை ஜி.பி.யும் பெரிய டி.வி.யில் தெளிவாகப் படம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் தாங்கும். தெளிவைக் குறைத்து வைத்தால் அதைப்போல் இரண்டு மூன்று பங்கு நேரம் வரும். மகள் அதை உடனே குறைத்து வைத்தாள். அத்தைக்கு அழகர் குதிரையில் இருப்பது தெரிந்தால் போதும், பட்டின் நிறம் தெரிந்தால் போதும். (பச்சைப் பட்டா என்று பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பார்கள்.) வீட்டுக்கே கம்பி இழுத்துத் தருகிற இணைப்பு மாதம் 399 என்று விளம்பரம் வருகிறது. 18 சதவீத வரி சேர்த்தால் 471. எழுதிப் பார்த்துவிட்டு அக்கா பேனாவைக் கீழே வைத்தார். மகளின் கல்லூரி பஸ் கட்டணம், அத்தையின் மாத்திரை இரண்டுக்கும் நடுவில் இந்த 471ஐ எங்கே செருகுவது? டி.வி.க்கு இருக்கிற மாதிரிக் குடும்பத்துக்குத் துளை கிடையாதே!

குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை மட்டும் தலையணை அடியில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும், விடு" என்றார் அக்கா. நான் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பி, கட்டுக் கட்டாக வெற்றிலையும் ஒரு தேங்காய் மூட்டையுமாக மதுரை வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். புது நம்பர்! யாரோ என்று எடுத்தால் அவர்தான். பக்கத்து வீட்டில் பெண்கள் இரண்டு பேர் தையல் வேலை செய்கிறார்களாம். அவர்களும் இவர்களுமாகச் சேர்ந்து ஒரே இணைப்பு எடுத்து, பெட்டியை நடுச் சுவரில் மாட்டி, 471ஐப் பாதிப் பாதியாகக் கட்டுகிறார்களாம். இப்படி இரண்டு வீட்டுக்கு ஒன்று என்பதைக் கம்பெனி ஒப்புக்கொள்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது என்று என் கணவர் சொன்னார். அக்கா அதையும் கேட்டு வைத்திருக்கிறாராம். மகளின் பழைய போன் ஒன்றை எடுத்து, குறைந்த ரீசார்ஜ் போட்டு, தனக்கென்று ஒரு நம்பரும் வாங்கிக்கொண்டார். அத்தை மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் அழகர், அரை மணி நேரம் எம்.ஜி.ஆர்., பிறகு தூக்கம்.

"பணம் கட்டுற தேதிய மறந்துராம எங்க எழுதி வச்சிருக்கீங்கக்கா?" என்று கேட்டேன்.

"பால் கணக்கு எழுதுற காலண்டர்லதான். பெட்டி யாரு பேர்ல இருக்குன்னு கேளேன்" என்றார்.

அவர் பேரில்தான் இருக்கிறதாம்.